வாத்து வேட்டைக்கு எந்த ஷாட்கன் நம்பகமானது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, எண்ணூர்ப் பக்கம் தெருவுக்கு நாலு பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அங்கே கூட வேலை பார்ப்பவர்களோடு வாத்து வேட்டைக்குப் போக ஆரம்பித்திருக்கிறார்கள். நான் மினசோட்டாவில் மெஷின் ஷாப்பில் இருந்த காலத்தில் அந்த ஊர்க்காரர்களோடு சதுப்புக்குப் போய்ப் பழகியவன். அவர்களுடைய துப்பாக்கிகளைக் கழற்றித் துடைத்து மாட்டிக் கொடுத்ததும் உண்டு. அதனால் "அண்ணே, எது வாங்கலாம்?" என்று போன் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனியாக வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருக்க முடியவில்லை என்பதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிட்டேன்.

நம்ம பழவேற்காட்டிலேயே இவ்வளவு வாத்து வருகிறதே, இங்கே சுடக்கூடாதா?

கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, புள்ளிமூக்கு வாத்து எல்லாமே அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. சுடுவது மட்டும் குற்றமில்லை. வலை வைப்பது, கண்ணி போடுவது, முட்டை எடுப்பதுகூடக் குற்றம்தான். பழவேற்காட்டில் பறவைகள் சரணாலயமும் இருக்கிறது. எண்ணூர் முகத்துவாரம், ரெட்டேரி, மாதவரம் ஏரி எங்கேயும் இதே கதைதான். கையில் உரிமம் பெற்ற துப்பாக்கி இருந்தாலும் அது வேட்டைக்கான உரிமம் ஆகாது. ஜனவரியில் ஒரு படகு பிடித்து, பைனாகுலரோடு போய்ப் பாருங்கள். அதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

இனி எழுதுவதெல்லாம் வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளுக்கு மட்டும்.

"ஆக்‌ஷன்" என்று எல்லாக் கடையிலும் சொல்கிறார்களே, அது என்ன?

தோட்டாவை சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) ஏற்றுவது, பின்பக்கம் பூட்டுவது, சுட்டபின் காலி உறையை வெளியே தள்ளுவது, இத்தனையும் செய்கிற பொறிதான் ஆக்‌ஷன். வாத்து வேட்டைக்காரர்கள் கையில் இன்று நீங்கள் பார்க்கப்போவது மூன்று வகை: கையால் இழுத்துத் தள்ளும் பம்ப், தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக், நடுவில் மடித்துத் திறக்கும் இரட்டைக்குழல். போல்ட் ஆக்‌ஷன், லீவர் ஆக்‌ஷன் ஷாட்கன்களும் உண்டு. அடுத்த தோட்டா ஏறுவதற்குள் வாத்து பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். முதல் துப்பாக்கி எது?

12 போர் (போர் என்பது குழலின் உள்ளகல அளவு, எண் குறைந்தால் குழல் பெரிது), 3 அங்குல நீளத் தோட்டா வரை போகும் சேம்பர், பம்ப் ஆக்‌ஷன், 26 அல்லது 28 அங்குலக் குழல். ரெமிங்டன் 870 (1950லிருந்து வருகிறது) அல்லது மோஸ்பெர்க் 500 (1960களின் தொடக்கத்திலிருந்து). இரண்டில் எது உங்கள் தோளில் சரியாக உட்காருகிறதோ அது. ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு மட்டும் இந்தப் பதில் பொருந்தாது. அவர்கள் கேள்வி கீழே வருகிறது.

புதுப்புது மாடல் வந்திருக்கும்போது அந்தக் காலத்து பம்ப்பையே ஏன் சொல்கிறீர்கள்?

பம்ப்பில் முன்கட்டையைப் பின்னுக்கு இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழும். முன்னுக்குத் தள்ளினால் அடுத்தது உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். வேலையைச் செய்வது உங்கள் கை. தோட்டாவின் மருந்து பலமானதா, லேசானதா என்பதைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. செமி ஆட்டோமேட்டிக்கில் இந்த வேலையைத் தோட்டாவின் சக்தியே செய்ய வேண்டும். அந்தச் சக்தி கொஞ்சம் குறைந்தாலும், போகும் பாதையில் கொஞ்சம் பிசுக்கு இருந்தாலும் மக்கர் பண்ணும்.

வாத்து வேட்டை நடக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். விடிவதற்கு முன் முழங்கால் ஆழச் சேறு, சம்புக் கோரை, மழை, சில நாள் பனி. கோரையின் பஞ்சு காற்றில் பறந்து வந்து துப்பாக்கியின் எல்லா ஓட்டைக்குள்ளும் போகும். படகின் அடியில் தேங்கிய தண்ணீரில் தோட்டா உருளும். மலிவான தோட்டாக்களின் அடிப்பகுதி பித்தளை பூசிய இரும்புதான். நனைந்து ஒரு வாரம் கிடந்தால் துருப்பிடித்து சேம்பரில் ஒட்டிக்கொள்ளும். செமி ஆட்டோவில் அது அப்படியே நின்றுவிடும். பம்ப்பில் முன்கட்டையைக் கொஞ்சம் பலமாக இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

கழற்றுவதும் எளிது. 870இல் குழலுக்கு அடியில் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாயான மேகசினின் மூடியைத் திருகி எடுத்தால் குழல் கையோடு வந்துவிடும். பக்கவாட்டில் இரண்டு பின்களைத் தட்டினால் டிரிக்கர் பகுதி முழுதாகக் கீழே இறங்கும். தோட்டா முழுக்க எடுக்கப்பட்டிருக்கிறதா என்று சேம்பரிலும் மேகசினிலும் விரல் விட்டுத் தடவிப் பார்த்த பிறகுதான் இதெல்லாம். சேறு புகுந்த துப்பாக்கியை மோட்டல் அறையில் பத்து நிமிடத்தில் பிரித்துத் துடைத்துவிடலாம். நம்பகம் என்று நான் சொல்வது இதைத்தான்: கெட்டுப்போகாத துப்பாக்கி உலகத்தில் இல்லை, கெட்டால் நீங்களே சரிசெய்ய முடிகிறதா என்பதுதான் கேள்வி.

பம்ப்பில் குறையே இல்லையா?

இருக்கிறது. பதற்றத்தில் முன்கட்டையைக் கடைசிவரை இழுக்காமல் பாதியிலேயே திருப்பித் தள்ளிவிடுவார்கள். காலி உறை போகாது, புதுத் தோட்டா ஏறாது, இரண்டும் நடுவழியில் சிக்கிக்கொள்ளும். முதல் சீசனில் எல்லாரும் இதைச் செய்வார்கள். வீட்டில் போலித் தோட்டா போட்டு, தோளில் வைத்தபடியே இழுத்துத் தள்ளிப் பழகினால் போய்விடும். மெதுவாக, மென்மையாக இழுப்பவனுக்குத்தான் பம்ப் சிக்கும். அதை முரட்டுத்தனமாகத்தான் இழுக்க வேண்டும்.

உதையும் செமி ஆட்டோவைவிட அதிகம். அப்புறம், படகிலோ மறைந்திருக்கும் குழியிலோ படுத்தபடி சுடும்போது இழுத்துத் தள்ளுவது கொஞ்சம் சங்கடம்.

செமி ஆட்டோவில் கேஸ், இனர்ஷியா என்று இரண்டு சொல்கிறார்கள். என்ன வித்தியாசம்?

கேஸ் வகையில் குழலில் சின்னத் துளைகள் இருக்கும். மருந்து எரியும் வாயுவில் கொஞ்சம் அந்தத் துளை வழியாக வந்து பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் போல்ட்டை, அதாவது சேம்பரின் பின்பக்கத்தை அடைத்துப் பூட்டும் இரும்பை, தள்ளும். ரெமிங்டன் 1100 (1963), பெரெட்டா ஏ400 எல்லாம் இந்த வகை. உதை மெத்தென்று இருக்கும். தோள் வலிக்காரர்களுக்கு இதுதான் சௌகரியம். ஆனால் வாயுவோடு கரியும் வரும். பிஸ்டனைச் சுற்றியும் துளையிலும் கரி படிந்து, அதில் எண்ணெய் சேர்ந்து பசையாகும். நிறையச் சுட்டுவிட்டுத் துடைக்காமல் வைத்தால் ஒருநாள் காலை வாரிவிடும். 1100 வைத்திருப்பவர்கள் குழலுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையம் ஒன்றை எப்போதும் உபரியாகச் சட்டைப்பையில் வைத்திருப்பார்கள். அது கிழிந்தால் வாயு கசிந்து துப்பாக்கி அடுத்த தோட்டாவை ஏற்றாது.

இனர்ஷியாவை இத்தாலியின் பெனெல்லி பிரபலமாக்கியது. திருவொற்றியூரிலிருந்து பிராட்வே போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கிறீர்கள், டிரைவர் சடாரென்று வண்டியை எடுக்கிறார். பஸ் நகர்கிறது, உங்கள் உடம்பு இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. இங்கே பஸ் என்பது துப்பாக்கி, நீங்கள்தான் போல்ட். சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைக்கிறது, கனமான போல்ட் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரு தடித்த ஸ்பிரிங் நசுங்குகிறது. அந்த ஸ்பிரிங் விரியும்போது போல்ட்டைத் திறந்து பின்னால் அனுப்புகிறது. வாயு பொறிக்குள் வராததால் கரி சேருவது மிகக் குறைவு, பாகங்களும் குறைவு. 1991இல் வந்த சூப்பர் பிளாக் ஈகிளை வாத்து வேட்டைக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுவதற்குக் காரணம் இதுதான்.

இனர்ஷியாவுக்கு இரண்டு விஷயம் ஆகாது. ஒன்று, துப்பாக்கி தாராளமாகப் பின்னால் நகர முடியாவிட்டால் ஸ்பிரிங் நசுங்காது. படகின் பக்கப்பலகையிலோ மரத்திலோ தோளில் வைக்கும் பின்கட்டையை முட்டுக்கொடுத்துச் சுட்டால் நின்றுவிடலாம். இரண்டாவது, மிக லேசான தோட்டா. 3½ அங்குலத் தோட்டாவுக்கென்று கட்டிய துப்பாக்கியில் பயிற்சிக்கான லேசான தோட்டாவைப் போட்டால் சில நேரம் ஏற்றும், சில நேரம் ஏற்றாது.

இந்த இரண்டுக்கும் முன்னோடி ஜான் பிரவுனிங்கின் ஆட்டோ-5. பெல்ஜியத்தில் 1902 வாக்கில் தயாரிக்கத் தொடங்கி 1998 வரை ஓடியது. அதில் குழலும் போல்ட்டும் சேர்ந்தே பின்னால் போகும். மினசோட்டாவில் ஒரு பெரியவர் அதைத்தான் வைத்திருந்தார். கனமான தோட்டாவுக்கும் லேசான தோட்டாவுக்கும் உள்ளே இருக்கும் உராய்வு வளையத்தைத் திருப்பி மாட்ட வேண்டும். அவர் இருட்டில், கையுறையோடு, பேசிக்கொண்டே மாட்டுவார்.

என் பெனெல்லியில் டிரிக்கரை அழுத்தினால் "கிளிக்" என்று மட்டும் சத்தம் வருகிறது. தோட்டா கோளாறா?

பெரும்பாலும் இல்லை. இனர்ஷியா துப்பாக்கியின் போல்ட் தலை சுழன்று பூட்டிக்கொள்ள வேண்டும். தோட்டா ஏற்றும்போது சத்தம் வரக்கூடாது என்று போல்ட்டின் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக விட்டாலும், நடந்து வரும்போது கைப்பிடி எங்காவது தட்டினாலும், போல்ட் ஒரு மயிரிழை திறந்து நிற்கும். அப்போது சுத்தி அடித்தாலும் ஊசி தோட்டாவைச் சரியாகத் தொடாது.

போல்ட்டைக் கடைசிவரை இழுத்து, கையை விட்டுவிடுங்கள். அது தானாக "சடக்" என்று அடித்து மூடட்டும். உட்கார்ந்த பிறகு கைப்பிடியை ஒருமுறை முன்னால் தள்ளிப் பாருங்கள். ஸ்பிரிங்கையும் போல்ட் பாதையையும் எண்ணெயில் குளிப்பாட்டாதீர்கள். கோரைப் பஞ்சும் மணலும் அதில் ஒட்டி மாவாகி, மூடும் வேகத்தைக் குறைத்துவிடும்.

கிளிக் என்று கேட்டதும் அவசரப்பட்டுத் திறக்கவும் கூடாது. சில தோட்டா தாமதமாக வெடிக்கும். துப்பாக்கியை ஆளில்லாத திசையில் பிடித்தபடி அரை நிமிடம் பொறுத்துவிட்டுத் திறங்கள். சத்தமே வழக்கத்தைவிடக் குறைவாக, "புஸ்" என்று வந்தால் இன்னும் கவனம். தோட்டாவின் அடைப்பு குழலுக்குள் நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். தோட்டாவை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, சேம்பர் பக்கத்திலிருந்து குழலுக்குள் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.

இரட்டைக்குழல்தானே எளிமையானது? அதை ஏன் முதலில் சொல்லவில்லை?

நியாயமான கேள்வி. மடித்துத் திறக்கிற துப்பாக்கியில் சிக்குவதற்கு அதிகம் எதுவும் இல்லை. ஒன்று சுடாவிட்டாலும் மற்றது சுடும். இரண்டு குழலுக்கும் வெவ்வேறு சோக் (ரவை எவ்வளவு பரவ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் குழல் நுனி இறுக்கம்) போட்டு, கிட்டே வரும் வாத்துக்கு ஒன்று, தள்ளிப் போவதற்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். இதையெல்லாம்விடப் பெரிய நன்மை, திறந்து வைத்தால் காலி என்பது படகில் இருக்கும் அத்தனை பேருக்கும் கண்ணால் தெரியும். கூட்டமாகப் போகும் இடத்தில் அந்த நிம்மதிக்கு விலையே இல்லை.

ஆனால் குழியில் படுத்துக்கொண்டு அதை மடித்துத் திறப்பது பெரிய பாடு. இரண்டு தோட்டாவோடு தீர்ந்தது. அடிபட்ட வாத்து நீந்தித் தப்பிக்கும்போது மூன்றாவது இல்லையே என்று இருக்கும். காலி உறையைத் தூக்கிக் கொடுக்கும் எக்ஸ்ட்ராக்டருக்கு அடியில் ஒரு கோரை விதை மாட்டினால் துப்பாக்கி மூடவே மூடாது. நல்லதாக வேண்டுமென்றால் விலையும் அதிகம். பிரவுனிங் சிட்டோரி போன்ற ஒன்றைச் சேற்றில் போட்டுப் புரட்ட மனசு வராது.

மேல்கீழ் குழல் வகை மிளிரும் இடம், வானில் வீசும் களிமண் தட்டுகளைச் சுடும் மைதானம். பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் சுட்ட நம்ம புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் விளையாட்டுக்கு அதுதான் துப்பாக்கி. இந்தியாவில் ஷாட்கன் சுட ஆசைப்படுகிறவர்களுக்கும் சட்டப்படியான வழி அந்த விளையாட்டுதான்.

தம்பி மெல்போர்னில் இருக்கிறான். அங்கே பம்ப் கிடைக்கவில்லை என்கிறானே?

கிடைக்காது. 1996இல் போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பிறகு ஆஸ்திரேலியாவில் பம்ப், செமி ஆட்டோ ஷாட்கன்கள் கட்டுப்படுத்தப்பட்ட பிரிவுக்குப் போய்விட்டன. விவசாயி போன்ற சிலருக்குத்தான் அனுமதி. சாதாரண வேட்டைக்காரருக்கு இரட்டைக்குழல்தான். தம்பி மேல்கீழ் குழலில் 3 அங்குல சேம்பரும் ஸ்டீல் ரவைக்கான முத்திரையும் இருப்பதைப் பார்த்து வாங்கட்டும். மேற்கு ஆஸ்திரேலியா, நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து மூன்றிலும் பொழுதுபோக்கு வாத்து வேட்டைக்கே தடை. விக்டோரியாவில் சீசன் உண்டு, ஆனால் விதிகளை வருடா வருடம் பார்க்க வேண்டும்.

பிரிட்டனில்?

அங்கே சாதாரண ஷாட்கன் சான்றிதழில் பம்ப், செமி ஆட்டோ வைக்கலாம். சேம்பரில் ஒன்று, மேகசினில் இரண்டு என்ற அளவுக்கு மேகசின் நிரந்தரமாக அடைக்கப்பட்டிருக்க வேண்டும்.

அமெரிக்காவிலும் மூன்று தோட்டாதான் என்கிறார்களே, துப்பாக்கியில் ஐந்து போகிறதே?

வலசைப் பறவை வேட்டைக்கு அங்கே 1935லிருந்தே மூன்றுதான் கணக்கு. மேகசின் குழாய்க்குள் ஒரு கட்டையோ பிளாஸ்டிக் குச்சியோ போட்டு அடைத்திருக்க வேண்டும். துப்பாக்கியைப் பிரிக்காமல் அதை எடுக்க முடியக்கூடாது. புதுத் துப்பாக்கியோடு பெட்டியில் அது வரும். பழையது வாங்கினால் உள்ளே இருக்கிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும், ஏனென்றால் முன்னால் வைத்திருந்தவர் வீட்டுப் பாதுகாப்புக்கென்று அதை எடுத்திருப்பார். அதிகாரி சதுப்பில் உங்கள் துப்பாக்கியை வாங்கி மூன்றுக்கு மேல் தோட்டா போகிறதா என்று தள்ளித்தான் பார்ப்பார். கனடாவிலும் மூன்றுதான்.

3½ அங்குலத் தோட்டா போகிற துப்பாக்கியே வாங்கிவிடலாமா?

வேண்டாம். 3 அங்குலம் போதும். 3½இல் உதையும் செலவும்தான் கூடும்.

தாத்தாவின் இங்கிலீஷ் டபுள் பேரல் வீட்டில் இருக்கிறது. அதையே அனுப்பி வைத்தால் என்ன?

அனுப்புவதற்கான அனுமதிகள் ஒருபக்கம் இருக்கட்டும். அந்தத் துப்பாக்கி அங்கே வாத்து வேட்டைக்கு ஆகாது. அமெரிக்காவில் 1991லிருந்து நாடு முழுக்க நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவை கூடாது. சதுப்பின் அடியில் விழுந்த ஈயத்தைக் கூழாங்கல் என்று நினைத்து வாத்துகள் விழுங்கி, விஷம் ஏறிச் செத்துக்கொண்டிருந்தன. கனடா 1999இல் நாடு முழுக்க அதே விதியைக் கொண்டுவந்தது. இப்போது பெரும்பாலானவர்கள் போடுவது ஸ்டீல் ரவை.

ஈயம் மெத்தென்றது, ஸ்டீல் கடினமானது. பழைய மெல்லிய குழலும் இறுக்கமான ஃபுல் சோக்கும் ஸ்டீலைத் தாங்காது. குழல் வீங்கும், கீறும். சேம்பரும் பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகளில் பெரும்பாலும் 2½ அங்குலம்தான். பிஸ்மத் என்ற உலோகத்தில் செய்த ரவை மெத்தென்று இருக்கும், பழைய துப்பாக்கிக்கு ஒத்துவரும். ஆனால் சேம்பர் அளவுக்கும் மருந்தின் பலத்துக்கும் பொருந்த வேண்டும், விலையும் எகிறும்.

தாத்தா இறந்துவிட்டார் என்றால் முதலில் பார்க்க வேண்டியது உரிமம். பீரோவில் வைத்துக்கொண்டிருக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். சென்னை மாநகரில் போலீஸ் கமிஷனர் அலுவலகம்தான் இடம்.

ஸ்டீல் ரவையில் எந்த எண், எந்த சோக்?

ஸ்டீல் ஈயத்தைவிட லேசானது, அதனால் சீக்கிரம் வேகம் குறையும். ஈயத்தில் போடுவதைவிட இரண்டு அளவு பெரிய ரவையாகப் போடுவது வழக்கம். வாத்துக்கு 2, 3, 4 எண்கள். 2 என்பது கிட்டத்தட்ட 3.8 மில்லிமீட்டர், 4 என்பது 3.3. பெரிய காட்டு வாத்தான கூஸுக்கு பிபி, அதாவது 4.6. சோக் லேசான இறுக்கமுள்ள இம்ப்ரூவ்டு சிலிண்டரோ நடுத்தரமான மாடிஃபைடோ போதும்.

கடைக்காரர் சொல்வதை நம்புவதைவிட, பெரிய தாளில் 30 அங்குல வட்டம் போட்டு 40 கெஜத்திலிருந்து நீங்கள் வாங்கிய தோட்டாவையே சுட்டுப் பாருங்கள். வட்டத்துக்குள் பறவை நுழையும் அளவுக்கு ஓட்டை இல்லாத வெற்றிடம் தெரிந்தால் சோக்கையோ தோட்டாவையோ மாற்றுங்கள். அந்தத் தூரத்துக்கு மேல் சுடவும் வேண்டாம். அடிபட்டுக் கண்ணுக்கு எட்டாமல் போய் விழும் வாத்துகள் எல்லாம் தூரத்தில் சுட்டவர்கள் கணக்குதான்.

குளிரில் துப்பாக்கி உறைந்துவிடுமா? நமக்கு அந்த அனுபவமே இல்லையே.

உறையும். மினசோட்டாவில் சீசன் செப்டம்பர் கடைசியில் லேசாகத்தான் தொடங்கும், நவம்பரில் தண்ணீரின் ஓரம் பனிக்கட்டி கட்டிவிடும். நம் ஊர்ப் பழக்கத்தில் இரும்பைப் பார்த்தாலே எண்ணெய் ஊற்றத் தோன்றும். அங்கே அதுதான் எதிரி. எண்ணெய் கெட்டியாகி, சுத்தியின் வேகமும் ஊசியின் வேகமும் குறைந்து, தோட்டாவின் அடியில் லேசான பொட்டு மட்டும் விழும், வெடிக்காது. சீசன் தொடங்கும் முன் பழைய எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட்டு, குளிருக்கான மெல்லிய எண்ணெய் ஒரு துளி தடவி, அதையும் துணியால் துடைத்துவிடுங்கள். விரலில் பளபளப்பு தெரிந்தால் அதிகம்.

சூடான வீட்டுக்குள் இருந்து எடுத்து, நேராகக் குளிருக்குள் கொண்டுபோகும் துப்பாக்கியைவிட, குளிரில் இருந்து வீட்டுக்குள் கொண்டுவந்த துப்பாக்கிதான் அதிகம் வியர்க்கும். உள்ளே வந்ததும் உறையிலிருந்து வெளியே எடுத்து, ஈரம் முழுக்க வடிந்தபின் துடையுங்கள். உறைக்குள்ளேயே விட்டுவிட்டால் மறுநாள் காலையில் டிரிக்கர் பகுதிக்குள் அந்த ஈரம் பனியாக உட்கார்ந்திருக்கும்.

கையுறையையும் மறக்காதீர்கள். கடையில் வெறும் கையால் சேஃப்டியை (தவறி வெடிக்காமல் தடுக்கும் பொத்தான்) தட்டிப் பார்த்து வாங்குவார்கள். தடித்த கையுறை போட்டபின் சில துப்பாக்கிகளின் சேஃப்டி விரலுக்கே அகப்படாது. கடைக்குக் கையுறையோடு போங்கள்.

உப்புத்தண்ணீரில் வேட்டையாடினால்?

காசிமேட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. டெக்சாஸ், லூசியானா கடலோரத்தில் வேட்டையாடினால் அன்றைக்கே, அந்த ராத்திரியே, குழலைக் கழற்றி நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து, உலர்த்தி, எண்ணெய்த் துணி போட வேண்டும். முக்கியமாக மேகசின் குழாயின் ஸ்பிரிங்கையும் சோக்கின் மரையையும் கவனியுங்கள். சோக் ஒருமுறை துருவோடு இறுகிவிட்டால் கழற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மரக்கட்டையைவிடப் பிளாஸ்டிக் கட்டையும், பளபளக்கும் நீலப்பூச்சைவிட மேலே பெயிண்ட் போல் பூசிய குழலும் இங்கே உழைக்கும்.

இடதுகைக்காரர்களுக்கு?

வலப்பக்கம் காலித் தோட்டா எறியும் துப்பாக்கியில் முகத்துக்கு முன்னாலேயே அது பறக்கும். பிரவுனிங் பிபிஎஸ், இத்தாக்கா 37 இரண்டும் அடியில் தள்ளிவிடும். மோஸ்பெர்க் 500இன் சேஃப்டி மேலே நடுவில் இருப்பதால் எந்தக் கைக்கும் சரி.

உயரம் குறைவு, ஒல்லியான உடம்பு. 20 போர் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் முதலில் கட்டையின் நீளத்தைப் பாருங்கள். அமெரிக்கத் துப்பாக்கிகள் டிரிக்கரிலிருந்து தோள் வரை 14 அங்குல அளவில் வரும். தடித்த குளிர்ச்சட்டை போட்டபின் நம்மவர்களில் பலருக்கு அது அதிகம், தூக்கும்போது அக்குளில் மாட்டும். குட்டையான கட்டை மாட்டினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். லேசான துப்பாக்கி அதிகம் உதைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். கேஸ் வகை 20 போர் செமி ஆட்டோ இவர்களுக்கு நல்ல தேர்வு, துடைக்கும் பொறுமை இருந்தால்.

பழைய துப்பாக்கி வாங்கலாமா?

தாராளமாக. புதிய பம்ப்பே சில நூறு டாலர்தான், நல்ல இனர்ஷியா அதைப்போல மூன்று நான்கு மடங்கு. அந்த ஊர் அடகுக்கடைகளில் பம்ப்புகள் வரிசையாக நிற்கும். குழலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். நிழல் வளையம் வளைந்து தெரிந்தால் குழல் எங்கோ நெளிந்திருக்கிறது. சேம்பரில் விரலால் தடவினால் சொரசொரப்போ துருவோ தெரியக்கூடாது, தோட்டா ஒட்டுவது அங்கேதான். சோக் கையால் திருகினால் கழல வேண்டும். கட்டைக்கும் இரும்புக்கும் நடுவில் விரிசல் பாருங்கள். போலித் தோட்டா மூன்றைப் போட்டு ஏற்றி இறக்கிப் பார்க்கக் கடைக்காரர் அனுமதிக்கவில்லை என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். நண்பனின் துப்பாக்கியைக் கடன் வாங்கிப் போகலாமா?

இந்தப் பக்கத்திலேயே மிக முக்கியமான கேள்வி இதுதான், ஆனால் கடைசியில்தான் கேட்கிறார்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. வாங்கினால்தான் குற்றம் என்றில்லை, கையில் எடுத்தாலே வைத்திருந்ததாக ஆகலாம். நண்பனுடையது என்பது சாக்கு ஆகாது. இதற்கு உள்ள விலக்குகளில் ஒன்று, அமெரிக்க மாநிலம் ஏதாவது ஒன்றின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம். அது காலாவதியானால் விலக்கும் போய்விடும். ஆகவே முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு, பிறகு உரிமம், அதன்பிறகுதான் துப்பாக்கியைத் தொடுவது. மாநில விதிகள் தனி. விசாவோடு விளையாடும் விஷயம் என்பதால் குடிவரவு வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

உரிமத்தோடு, 16 வயது நிறைந்தவர்கள் கூட்டாட்சி வாத்து முத்திரையும் வாங்க வேண்டும். 25 டாலர். அந்தப் பணம் சதுப்புநிலங்களை வாங்கிப் பாதுகாக்கப் போகிறது. கனடாவில் துப்பாக்கிக்கே பாதுகாப்புப் பயிற்சி முடித்து உரிமம் பெற வேண்டும், அதற்குமேல் வலசைப் பறவை அனுமதியும் முத்திரையும்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

வேட்டைச் சட்டையையும் பையையும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். அதே பையில் துணி அடுக்கி வரத்தான் வேண்டுமென்றால், எல்லாப் பைகளையும் வெளியே புரட்டி, தையல் கிழிந்த உள்லைனிங் வரை தடவிப் பாருங்கள். அந்தச் சட்டைகளில் தோட்டா செருக வளையங்களும் ரகசியப் பைகளும் ஏராளம், ஒன்று எங்காவது தங்கிவிடும். மீனம்பாக்கத்தில் ஸ்கேனரில் ஒரே ஒரு தோட்டா தெரிந்தாலும் ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும். துப்பாக்கி இல்லை, மறந்துபோய் வந்தது என்று சொன்னாலும் விசாரணை முடிகிறவரை அலைய வேண்டியதுதான். காலி உறையையும் ஞாபகார்த்தமாகக் கொண்டுவராதீர்கள்.